கொடுவாவுக்காக ஒரு சாண்

கொடுவா மீனைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். இப்போது ஓட்டல் வாசலில் அதன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, உடம்பைக் கீறி மசாலா தடவி, ஐஸ் மேல் கிடத்தி வைத்திருக்கிறார்கள். அது குளத்தில் தீவனம் போட்டு வளர்த்தது. அதைத் தின்றுவிட்டு ருசியைப் பற்றி வியாக்கியானம் பண்ணுகிறவர்களிடம் நான் வாய் திறப்பதில்லை. என் கொடுவா கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் திரிந்த கொடுவா. முப்பது வருஷம் அதைப் பார்த்தவன் நான். அதற்காக என் அக்காவின் நிலத்தைத் தொலைத்தவனும் நான்தான்.

தரங்கம்பாடிப் பக்கம், காவிரியின் ஒரு கிளை கடலில் விழுவதற்கு இரண்டு மைல் முன்னால் ஒரு கதவணை இருக்கிறது. நாங்கள் அதைச் சட்ரஸ் என்போம். ஐந்து கண், ஐந்து இரும்புப் பலகை. மேலே நின்று சக்கரத்தைச் சுற்றினால் பலகை ஏறும், இறங்கும். மேற்கே நெல், கிழக்கே உப்பங்கழி. நல்ல தண்ணீர் வீணாகக் கடலுக்குப் போகாமலும், கடல் தண்ணீர் வயல் பக்கம் ஏறாமலும் பலகையைப் பார்த்துக்கொள்கிற லஸ்கர் நான். எங்கள் தெருவில் அரசாங்கச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நடந்தபோது எனக்கு இருந்த மப்பு கொஞ்சநஞ்சமல்ல.

சட்ரஸிலிருந்து கூப்பிடு தூரத்தில், மேற்குப் பக்கம், அக்காவுக்கு மூன்று மா நிலம். ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சும்மா வந்ததல்ல. அக்காவின் வீட்டுக்காரர், என் மாமா, மிராசுதாரிடம் பண்ணையாளாக இருந்தவர். கூலி நெல்லில் அரை மரக்கால் கூட்டிக் கேட்டதற்காக அடி வாங்கிப் பண்ணையிலிருந்து வெளியேறியவர். உச்சவரம்புச் சட்டம் வந்து, மிராசுதார் தன் நிலத்தையெல்லாம் சமையல்காரன் பெயரிலும் செத்துப்போன சித்தப்பா பெயரிலும் எழுதிவைத்த காலத்தில், மாமா விவசாயச் சங்கத்துக் கொடியைப் பிடித்துக்கொண்டு தாசில்தார் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். ஒரு கட்சி போய் இன்னொரு கட்சி வரும். கரை வேட்டியில் கரை மாறும். மாமா பழைய மனுவைப் புதுத் தாளில் எழுதிக்கொண்டு மறுபடி நடப்பார். கடைசியில் பட்டா வந்த அன்று அக்கா வயலில் இறங்கி, சேற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கச் சொன்னால், "இருடா, என் எடத்துல நான் உக்காந்திருக்கேன்" என்றாள். அந்த மூன்று மாதான் அவர்களுக்கு எல்லாம். அது போனால் மறுபடியும் அடுத்தவன் வயலில் குனிய வேண்டியதுதான்.

மீனுக்கு வருகிறேன். கொடுவா முட்டையிடுவது கழிமுகத்தில், உப்புத் தண்ணீரில். குஞ்சு பொரித்ததும் கடல் ஏற்றத்தோடு சேர்ந்து உள்ளே வரும். உப்பு குறையக் குறைய அதற்குக் குஷி. கழி, ஆறு, வாய்க்கால் என்று ஏறி, விட்டால் நாற்றங்காலுக்கே வந்துவிடும். இரண்டு மூன்று வருஷம் நல்ல தண்ணீரில் இறாலும் கெண்டையும் தின்று கொழுத்து, பிறகு முட்டைக் காலத்துக்குக் கடல் பக்கம் இறங்கும். இறங்கும்போது எல்லாம் ஆண். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இரண்டு கிலோ, மூன்று கிலோ மீனை எத்தனையோ அறுத்திருக்கிறேன், ஒன்றில்கூடச் சினை பார்த்ததில்லை. பத்துக் கிலோவுக்கு மேல் போனால் எல்லாவற்றிலும் சினை. பெண் மீன் சின்ன வயசில் எங்கே ஒளிந்துகொள்கிறது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒருநாள் கழியில் சோதனைக்குத் தண்ணீர் எடுத்துப்போக வந்த மீன் படிப்புப் பிள்ளை ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒளியலைங்க. அதே மீன்தான். அஞ்சாறு வருசம் ஆணா இருந்துட்டு அப்புறம் பொண்ணா மாறிடும்." அன்றைக்கு எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பெரிய மீனாகப் பார்த்துப் பிடிக்கிறவன் தாய்களை மட்டும் பொறுக்கி எடுக்கிறான் என்பது எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரிந்தது. இருந்தும் பெரிய மீன்தான் எனக்கு வேண்டியிருந்தது.

அதைப் பிடிப்பதற்குப் பொறுமை வேண்டும். கொடுவா துரத்தித் தின்கிற ஜாதியல்ல. தூணின் நிழலில், ஓட்டத்தின் ஓரத்தில் அசையாமல் நிற்கும். வாய்க்கு நேரே இரை வந்தால் 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், இரை காணாது. செத்த இரையைச் சீந்தாது. உயிருள்ள மடவைக் குஞ்சின் முதுகில் முள்ளை நோகாமல் கோத்து, ஓட்டத்தில் விட வேண்டும். முள்ளுக்கு மேல் ஒரு முழம் கம்பி கட்டாவிட்டால், செவுள் மூடியின் விளிம்பால் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விடும். அந்த விளிம்பு சவரக் கத்தி. மாட்டியதும் தண்ணீருக்கு மேலே ஆளுயரம் எம்பித் தலையை உதறும். அந்த உதறலைக் கையில் வாங்கியவனுக்குச் சோறு தண்ணீர் நினைவு வராது. எனக்கு வந்ததில்லை.

சட்ரஸில் ஒரு வழக்கம் உண்டு, எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. மழைக்காலத்தில் ஆறு நிறைந்து வரும்போது, ஏற்ற நேரத்தில் நடுக் கண் பலகையை ஒரு சாண் தூக்கி வைப்போம். கொடுவாக் குஞ்சு ஏறுவதற்காக. எனக்கு முன்னால் இருந்த லஸ்கர்களும் செய்தார்கள். விவசாயிகளே வந்து, "ஒரு சாண் தூக்கி வைங்க, குஞ்சு ஏறட்டும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மேலிருந்து நல்ல தண்ணீர் அழுத்திக்கொண்டிருக்கும்வரை அதில் ஆபத்தில்லை. உப்பு கொஞ்ச தூரம் எட்டிப் பார்த்துவிட்டு வற்றத்தில் திரும்பிவிடும். அறுவடைக்குப் பிறகு வாய்க்கால் வற்றும்போது தெருவே இறங்கி மீன் அள்ளும். முதல் பங்கு சட்ரஸுக்கு, அதாவது எனக்கு.

பிறகு இறால் கம்பெனி வந்தது. மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள் பட்டணத்தில் குடியேறிவிட்டார்கள். மிச்ச நிலத்தைக் கம்பெனிக்கு விற்றார்கள். அக்கா வயலுக்குத் தெற்கேயும் வடக்கேயும் நெல் விளைந்த மண்ணை வெட்டிக் குளமாக்கி, கழியிலிருந்து உப்புத் தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றினார்கள். இடையில் கிடந்த அக்கா நிலமும் இன்னும் பத்துக் குடும்பத்து நிலமும் அவர்கள் கண்ணை உறுத்தின. மேனேஜர் இரண்டு தடவை வந்து மாமாவிடம் பேசினார். இரண்டாம் தடவை மாமா, "வெலைக்கு இல்ல சார், போயிட்டு வாங்க" என்று சொல்லி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

அந்த வருஷம் அணையில் தண்ணீர் முன்னதாகவே நின்றுவிட்டது. பக்கத்து மாநிலத்தோடு தகராறு. மார்கழியில் சம்பா பால் பிடிக்கிற நேரம், வாய்க்காலில் கணுக்கால் அளவுக்குத் தேங்கிய தண்ணீர்தான். இன்னும் ஒரே ஒரு தண்ணீர் கிடைத்தால் நெல் முற்றிவிடும். அக்கா தினமும் சட்ரஸுக்கு வந்து மேற்கே பார்த்துக்கொண்டு நிற்பாள். "எப்படா வரும்?" என்பாள். எனக்கென்ன தெரியும்? "வரும்க்கா" என்பேன். ஆற்றில் அழுத்தம் இல்லாததால் ஐந்து பலகையையும் தரையோடு இறக்கிச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தேன்.

அன்று அமாவாசை. அமாவாசையில் கடல் வழக்கத்தைவிட மேலே ஏறும். சாயங்காலம் நாலு மணிக்கு ஏற்றம் ஆரம்பித்தபோது, கடல் பக்கத்துத் தூணடியில் ஒரு கொடுவா நிற்பதைப் பார்த்தேன். அதன் கண் வெயிலில் சிவப்பாக மின்னியது. பதினைந்து கிலோவுக்குக் குறையாது. மடவையைக் கட்டி விட்டேன். சீந்தவில்லை. தண்ணீரில் இழுப்பு இல்லை, அதுதான் காரணம். பலகையை ஒரு சாண் தூக்கினால் உப்புத் தண்ணீர் உள்ளே பாயும், பாய்ச்சலில் குஞ்சு மீனெல்லாம் சேரும், கொடுவா வாய் திறக்கும். கால் மணி நேரம் போதும், பிடித்ததும் இறக்கிவிடலாம். பூட்டைத் திறந்து நடுக் கண்ணை ஒரு சாண் தூக்கினேன்.

பத்து நிமிஷத்தில் மாட்டியது. எவ்வளவு நேரம் போராடினேன் என்று தெரியாது. படியில் இழுத்துப் போட்டு, செவுளுக்குள் கை விட்டுத் தூக்கப்போனபோது ஒரு உதறல். பெருவிரல் அடியிலிருந்து உள்ளங்கை முழுக்கப் பிளந்துவிட்டது. வலிக்கவில்லை, ரத்தம்தான் கொட்டியது. சைக்கிளில் போன தெருக்காரர் ஒருவர் துண்டைச் சுற்றிக் கட்டி, என்னைப் பின்னால் உட்காரவைத்துப் பஸ் ரோட்டுக்கு மிதித்தார். போகிற வழியில் மீனை அக்கா வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனோம். டவுன் ஆஸ்பத்திரியில் பதினோரு தையல். ராத்திரி தங்கிப் போகச் சொன்னார்கள்.

பலகையை மறந்துவிட்டேன் என்றுதான் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். ஆஸ்பத்திரிப் பெஞ்சில் படுத்திருந்தபோது நினைவு வந்தது. ஒரு சாண்தானே, காலையில் முதல் பஸ்ஸில் போய் இறக்கிக்கொள்ளலாம் என்று திரும்பிப் படுத்தேன். தூங்கியும்விட்டேன்.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆயில் இஞ்சின் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, மூன்று நாலு. வாய்க்காலைப் பார்த்தேன். முட்ட நின்றது. விடிகாலை ஏற்றமும் உள்ளே வந்திருக்கிறது. தண்ணீருக்குத் தவமிருந்த சனம், விடிந்து பார்த்தால் வாய்க்கால் நிறைந்திருக்கிறது. அணையில் திறந்துவிட்டான் என்று நம்பி ஓடிப்போய் இஞ்சினைக் கிளப்பிவிட்டார்கள். கடைமடைக்காரனைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது. அவனுக்கு என்றைக்கும் தண்ணீர் சொல்லிவிட்டு வந்ததில்லை.

ரோட்டிலிருந்து இரண்டு வரப்பு பிரியும். இடது கைப் பக்கம் அக்கா வயல். வலது கைப் பக்கம் சட்ரஸ். இடது பக்கம் ஓடி இஞ்சினை நிறுத்தச் சொல்லியிருந்தால் பாதி வயலாவது தப்பியிருக்கும். நான் வலது பக்கம் ஓடினேன்.

ஒற்றைக் கையால் சக்கரத்தைச் சுற்றிப் பலகையை இறக்க அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணியும் இஞ்சின் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. பிறகு கீழே கிடந்த பூட்டைப் பார்த்தேன். ஒரு கருங்கல்லை எடுத்து, உடைகிறவரை அடித்தேன். அதற்கப்புறம்தான் அக்கா வயலுக்கு நடந்தேன். ஓடவில்லை, நடந்தேன்.

"தம்பி! தண்ணி வந்துட்டுடா!" என்று அக்கா வரப்பிலிருந்து கத்தினாள். முகமெல்லாம் சிரிப்பு. "கை எப்டியிருக்கு? ஒன் மீனு ஒரு கொடம் சினைடா. கொழம்பு வச்சிருக்கேன், வந்து சாப்புடு."

"வாயில வச்சுப் பாத்தியாக்கா?" என்றேன்.

"பாக்காம இருப்பனா? நல்ல தண்ணிதான்."

அவள் பார்த்தபோது நல்ல தண்ணீர்தான். வாய்க்காலில் தேங்கிக் கிடந்ததை உப்புத் தண்ணீர் முன்னால் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. முதலில் இஞ்சின் இழுத்தது அதை. நான் குழாய் வாயில் கையை ஏந்திக் குடித்தேன். கடல்.

மாமா ஒரு வாய் குடித்துத் துப்பிவிட்டு இஞ்சினை நிறுத்தினார். வரப்பில் உட்கார்ந்தார். "சட்ரஸ் பூட்டியிருந்துச்சா மாப்ளே?" என்று கேட்டார்.

"பூட்டிட்டுத்தான் மாமா ஆஸ்பத்திரிக்குப் போனேன். இப்பப் போய்ப் பாத்தா பூட்டு ஒடைஞ்சு கெடக்குது. பலகைய நான்தான் எறக்கிட்டு வரேன்."

பொய்யில் ஒரு வார்த்தைகூட எனக்குத் தடுமாறவில்லை. மாமா கம்பெனிக் குளத்தின் கரையைப் பார்த்தார். யார் பெயரையும் நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இருக்கவில்லை.

நாலு நாளில் நெல் தாளின் நுனி கருகியது. பத்தாம் நாள் கதிரெல்லாம் வெள்ளையாக நிமிர்ந்து நின்றது. உருவிப் பார்த்தால் உள்ளே அரிசியில்லாத கருக்காய். பதினொரு குடும்பமும் கம்பெனி வாசலுக்குப் போனது. நானும் கூடப் போனேன். கையில் கட்டோடு போகிற என்னைப் பார்த்துச் சனம் இரக்கப்பட்டது. வாக்குவாதம் முற்றிக் கல் பறந்தது. தீவனக் கொட்டகை பற்றிக்கொண்டது. மாமாவைப் போலீஸ்காரர்கள் வேனில் ஏற்றியபோது அவருடைய ஒரு கால் தரையில் இழுபட்டது. "பூட்ட ஒடைச்சவன விட்டுட்டு எங்களப் புடிக்கிறியே" என்று கத்தினார். நான் ஒரு ஆலமரத்துக்குப் பின்னால் நின்றேன். விசாரணையில் கேட்டபோது, பூட்டிவிட்டுப் போனேன், பிறகு பூட்டு உடைந்து கிடந்ததைப் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டேன். பூட்டு உடைந்து கிடந்தது ஒன்றுதான் அதில் உண்மை.

கம்பெனிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆளுங்கட்சிக்காரர் வந்து வருத்தப்பட்டார், எதிர்க்கட்சிக்காரர் வந்து ஆவேசப்பட்டார். மாமா ஏழு மாதம் கழித்து இருமலோடு வெளியே வந்தார். அடுத்த மழை உப்பைக் கழுவியிருக்கும், மண் தேறியிருக்கும். ஆனால் உழ ஆள் இல்லாமல் கிடந்த வயலில் இரண்டு பக்கத்துக் குளமும் கசிந்து ஏறிவிட்டது. ஒவ்வொருவராக விற்றார்கள். அக்கா கடைசியாக விற்றாள். பிறகு அதே இடத்தில், கம்பெனிக் குளத்தில், இறால் பொறுக்கக் கூலிக்குப் போனாள். சட்ரஸ் மேலே நின்று பார்த்தால் தெரியும். நான் தினமும் பார்த்தேன். தூண்டிலை அதற்கப்புறம் தொடவில்லை என்று எழுத ஆசைதான். தொட்டேன். சின்ன மீன்தான் கிடைத்தது. பெரிய கொடுவா அந்தக் கழியில் வருவது நின்றுவிட்டிருந்தது.

மாமா இருமியே செத்தார். கொஞ்ச வருஷத்தில் இறாலுக்குச் சீக்கு வந்து கம்பெனியும் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. குளமெல்லாம் வெளுத்து வெடித்துக் கிடக்கிறது. நெல்லும் இல்லை, இறாலும் இல்லை. மாமாவின் படத்துக்கு வருஷத்துக்கு ஒருமுறை சங்கத்துக்காரர்கள் வந்து மாலை போட்டு, நிலத்துக்காகச் சிறை போனவர் என்று பேசுவார்கள். அக்கா அன்றைக்கு மட்டும் புதுச் சேலை கட்டுவாள். நான் கூட்டத்தில் நின்று கை தட்டுவேன்.

ரிட்டையர் ஆன பிறகு என்னால் முடியவில்லை. காக்கிச் சட்டை இருந்தவரை வேலை போய்விடும் என்று பயந்தேன்; அதுவும் கழன்ற பிறகு எதற்குப் பயப்படுவது? ஒரு மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மீன், ஒரு சாண், ஆஸ்பத்திரிப் பெஞ்சு, வலது பக்கம் ஓடியது, கருங்கல். அழுதுகொண்டே சொன்னேன். அவள் கை நின்றது.

"இப்டிச் சொல்றதுக்குக் கம்பெனிக்காரன் எவ்வளவு குடுத்தான்?" என்றாள்.

"அக்கா, கம்பெனியே இப்ப இல்லயேக்கா. சத்தியமா நான்தான் தொறந்தேன்."

"அப்ப அந்த மனுசன் எதுக்குடா செயிலுக்குப் போனாரு?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன், பயந்துபோயிருந்தாள். அவளிடம் நிலம் இல்லை, புருஷன் இல்லை. அவர் அநியாயத்தை எதிர்த்துச் சிறைக்குப் போனார் என்ற ஒன்றுதான் மிச்சம். அதையும் பிடுங்கத்தான் நான் வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"கம்பெனிக்காரன்தான் தொறந்தான்" என்றாள் மெதுவாக. "சொல்லு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சொல்லுடா தம்பி."

"கம்பெனிக்காரன்தான்க்கா தொறந்தான்" என்றேன்.

"ம்" என்று சொல்லி, முறத்தை மடியில் இழுத்துக்கொண்டு, மறுபடியும் கல் பொறுக்க ஆரம்பித்தாள்.